இருப்பவர் கையெழுத்து

எங்கள் சலவைக்கூடத்தில் அவனுக்குப் பெயர் மடிப்பு. பெற்றவர்கள் வைத்த பெயர் கழுத்து அட்டையில் இருந்தது, ஆனால் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நான் வயதில் மூத்தவள். அதனால் மடிப்புத் தம்பி என்பேன். அவன் என்னை அக்கா என்பான்.

நாங்கள் பிழைக்கப் போன வெளிநாட்டில், ஒரு பெரிய ஓட்டலுக்கு அடியில், தரைக்கும் கீழே இரண்டு தளம் இறங்கினால் எங்கள் கூடம். மேலே எத்தனை மாடி என்று கேட்டால் எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஒரு நாளைக்கு எத்தனை விரிப்பு அழுக்காகி வரும் என்று கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வோம். குப்பைத் தொட்டிகளை ஒட்டிய பின்வாசல் வழியாக வருவோம், அதே வழியாகப் போவோம். முன்வாசலில் மீன் தொட்டி இருக்கிறதாம். துவைக்க வந்த சட்டைப் பையில் கிடந்த ஒரு அட்டைப் படத்தில்தான் அதைப் பார்த்தேன்.

எனக்குக் கிழிசல் தைக்கும் வேலை. ஓரம் பிரிந்த விரிப்பு, பொத்தான் போன சட்டை எல்லாம் என் மேசைக்கு வரும். என் தையல் மெஷினுக்கு நேர் எதிரே மடிக்கிற மேசை. நூல் கோக்கத் தலையை நிமிர்த்தினால் மடிப்புத் தம்பிதான் தெரிவான். ஆறு வருஷம் அப்படிப் பார்த்திருக்கிறேன்.

சின்னத் துணிகளை மெஷினே மடித்துவிடும். விருந்து மேசைக்குப் போடும் பெரிய வெள்ளை விரிப்புகளை மட்டும் ஆள்தான் மடிக்க வேண்டும், அதுவும் இரண்டு பேராக. இந்தக் கோடியில் ஒருத்தர், அந்தக் கோடியில் ஒருத்தர், ஆளுக்கு இரண்டு மூலை. உதறி, இழுத்து, பாதியாக்கி, எதிரும் புதிருமாக நடந்து வந்து கையோடு கை சேர்க்க வேண்டும். ஒருத்தர் மூலையை வாங்கிக்கொள்ள, மற்றவர் குனிந்து தொங்கும் மடிப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போக வேண்டும். மறுபடி வர வேண்டும். மடிப்புத் தம்பிக்கு ஜோடி, விசில் என்று நாங்கள் கூப்பிட்ட இன்னொரு தம்பி. பெயருக்கு ஏற்ற மாதிரி எந்நேரமும் உதட்டில் ஒரு சீட்டி. இருவரும் சேர்ந்து எட்டு வருஷம் மடித்தார்கள். ஒரு பேச்சு வேண்டாம், ஒரு ‘ம்’ போதும். பெரிய விருந்து முடிந்த மறுநாள் முந்நூறு விரிப்பு வரும். அத்தனை முறையும் முகத்துக்கு முகம் வந்து திரும்புவார்கள்.

அந்தக் கம்பெனியில் லீவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் ஊருக்குப் போகலாம். ஆனால் போகிறவனுக்காக இங்கே ஒருத்தர் கையெழுத்துப் போட வேண்டும். தாளில் இரண்டு கோடு இருக்கும். மேல் கோட்டில் போகிறவர் கையெழுத்து, கீழ்க் கோட்டில் இருப்பவர் கையெழுத்து. போனவன் சொன்ன தேதிக்குத் திரும்பி வராவிட்டால், அவன் வருகிற வரைக்கும் கீழே போட்டவருக்கு லீவு கிடையாது. சம்பளத்தில் பிடிக்க மாட்டார்கள், அடிக்க மாட்டார்கள், திட்டக்கூட மாட்டார்கள். ஊருக்கு விட மாட்டார்கள், அவ்வளவுதான். எங்களைக் கட்டிப்போட எங்களையே கயிறாக்கினார்கள் என்று பாய்லர்க்காரர் சொல்வார். ‘கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கறப்பகூட இவ்வளவு யோசிக்கலை, கையெழுத்துக்கு ஆள் பாக்கத்தான் ரெண்டு மாசம் தூக்கம் போச்சு’ என்றும் சொல்வார்.

மடிப்பும் விசிலும் யோசித்ததே இல்லை. இவன் போனால் அவன் போடுவான், அவன் போனால் இவன் போடுவான். மூன்று தடவை அப்படியே நடந்தது. நாலாவது தடவை இருவருக்கும் ஒரே நேரத்தில் லீவு வந்தது. இவன் அவனுக்கும் அவன் இவனுக்கும் போட்டுக்கொண்டு இருவரும் ஒன்றாகக் கிளம்ப முடியாது.

“எம்பையனைப் பள்ளிக்கூடத்துல சேக்கணும்டா. நான் முன்னாடி போய்ட்டு வந்துடறேன்,” என்றான் விசில்.

“போய்ட்டு வா. எனக்கென்ன அவசரம், அவ எங்க போயிடப் போறா,” என்றான் மடிப்பு.

இதை என் காதால் கேட்டேன். வீட்டுக்காரியைத்தான் அப்படிச் சொன்னான். விசிலின் தாளில் கீழ்க் கோட்டில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தான்.

விசில் போய்ப் பத்து நாள்கூட ஆகவில்லை. மத்தியானம் பின்படிக்கட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். மடிப்புத் தம்பியின் போனில் காது வைக்கிற இடம் கெட்டுப்போயிருந்தது. ஸ்பீக்கரில் போட்டால்தான் பேச்சு கேட்கும். அதனால் அவன் குடும்ப விஷயம் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். அன்றைக்கு அவன் மனைவி சொன்னாள்:

“எனக்கு வேலை வந்துருச்சுங்க.”

“என்ன வேலை?”

“வெளிநாட்டுல. நீங்க இருக்கற ஊர் இல்லை, வேற நாடு. ஒரு ஆஸ்பத்திரியில கூட்டித் துடைக்கிற வேலை. ஏஜென்ட் தேதி சொல்லிட்டாரு. அடுத்த மூணாவது மாசம் அஞ்சாம் தேதி ஏறணும். மூணு வருஷத்துக்கு.”

அவன் கையிலிருந்த கவளத்தை டப்பாவிலேயே வைத்துவிட்டான். “என்னைக் கேக்காமயா?”

“கேட்டா என்ன சொல்வீங்கன்னு தெரியும். அதான் கேக்கலை.”

சண்டைக்காரக் குரல் இல்லை அது. காய் வாங்கப் போகிறேன் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. கல்யாணமாகிப் பதினோரு வருஷம். போன் வைத்த பிறகு அவன் விரலை விட்டு எண்ணினான். கல்யாணத்துக்குப் பிறகு இருபத்தைந்து நாள், அப்புறம் ஐந்து லீவு.

“மொத்தம் ஏழரை மாசம்க்கா,” என்றான். “ஏழரைன்னு வருது பாருங்க கணக்கு.” சிரிக்கத்தான் பார்த்தான்.

உருளைக்காரர் என்று ஒருவர் இருந்தார். சூடான உருளையில் விரிப்பு ஓட்டித் தேய்ப்பவர், வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுவார். “ஏழரை மாசத்துல புள்ளை பொறந்தாலே பெரிய விஷயம். நீ என்ன செய்வே?” என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரே பிறகு தன் டப்பாவிலிருந்து ஒரு துண்டு எடுத்து அவன் டப்பாவில் வைத்தார்.

இனி அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அவள் விமானம் ஏறுவதற்கு முன்னால் வீட்டுக்குப் போக வேண்டும். விசில் சொன்ன தேதிக்கு வந்துவிட்டால் அவளோடு முழுதாக ஐந்து வாரம் கிடைக்கும். தேதியை மடிக்கும் மேசையின் காலில் பென்சிலால் எழுதி வைத்தான்.

விசில் வர வேண்டியது ஒரு திங்கட்கிழமை. திங்கள் வரவில்லை. செவ்வாய் போன் அடித்தது, எடுக்கவில்லை. புதன் போனே அடிக்கவில்லை. சனிக்கிழமை நான் சீருடைத் துணிக்கு முத்திரை வாங்க ஆபீசுக்கு மேலே போனேன். மடிப்புத் தம்பி லீவு கிளார்க்கின் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். கிளார்க் நம் ஊர்க்காரர்தான். மேனேஜர் பக்கத்தில் இருந்தால் எங்களிடம் அந்த நாட்டுப் பேச்சுதான் பேசுவார். அவர் எழுந்து போனால் நம் பேச்சு வரும். அன்று மேனேஜர் இல்லை.

“உன் ஆளு எங்கப்பா?”

“வந்துருவான் சார். வழியில ஏதோ சிக்கல் போல.”

“ஒரு வாரமா வழியிலயே இருக்கானா? நடந்து வர்றானா?”

“சார், எனக்கு லீவு குடுங்க சார். அவன் வந்துருவான். எம்பொண்டாட்டி அஞ்சாம் தேதி கிளம்பறா.”

“எங்க?”

“வேலைக்கு. வெளிநாடு.”

“நல்லதுதானே. ரெண்டு சம்பளம். எம்பொண்டாட்டி டீவி ரிமோட்டைக்கூடத் தூக்க மாட்டேங்கறா.” சிரித்துவிட்டு, அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “இங்க பாரு, ரூலு நான் போட்டதில்லை. நான் சீல் குத்தினா நாளைக்கு என் சீட்டுல வேற ஆளு உக்காருவான். உன் ஆளு வந்து இங்க நிக்கட்டும், அன்னிக்கே குத்தறேன். இல்லைன்னா ஒண்ணு செய். உங்க ரெண்டு பேருக்கும் சேத்து வேற யாராவது ஒருத்தர் இருப்பவர் கையெழுத்துப் போடட்டும். அஞ்சு வருஷம் சர்வீஸ் இருக்கணும். அவ்வளவுதான் என்னால முடியும்.”

“ரெண்டு பேருக்கும் சேத்தா?”

“ஆமா. ஓடிப்போனவனுக்கும் ஓடப்போறவனுக்கும்.”

மடிப்புத் தம்பி எனக்குப் பக்கத்தில்தான் படி இறங்கி வந்தான்.

மேஸ்திரி அவனோடு மடிக்கப் புது ஆள் ஒருவனைப் போட்டார். நெட்டையான ஆள், நல்ல பையன்தான். ஆனால் இவன் நடந்து வரும்போது அவன் நிற்பான், இவன் நிற்கும்போது அவன் வருவான். இரண்டு நாள் பார்த்தான். மூன்றாம் நாள் சுவரில் இரண்டு கொக்கி அடித்து, விரிப்பின் இரண்டு மூலையை அதில் மாட்டி, மற்ற இரண்டு மூலையைத் தான் பிடித்துக்கொண்டு தனியாகவே மடிக்க ஆரம்பித்தான். கொக்கி வரைக்கும் நடந்து போவான், மூலையைச் சேர்ப்பான், திரும்பி வருவான். வேலை பாதிதான் நடந்தது. மேஸ்திரி கத்தினார். இவன் சாப்பாட்டு நேரத்தையும் மடிப்பில் போட்டுச் சரிக்கட்டினான். அதனால் படிக்கட்டுக்கு வருவதும் நின்றது.

நான் என் மெஷினிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருத்தன் சுவரைப் பார்த்து நடந்து நடந்து வருவதை நாள் முழுக்கப் பார்ப்பது அவ்வளவு லேசு இல்லை.

கையெழுத்துக்கு ஆள் தேடினான். அதுவரைக்கும் அவன் வாய் திறந்து யாரிடமும் ஒன்றும் கேட்டு நான் பார்த்ததில்லை. முதலில் பாய்லர்க்காரரிடம் போனான்.

“தம்பி, எனக்குக் கை சுளுக்கு,” என்றார் அவர்.

“கையெழுத்துத்தானேண்ணே.”

“அதுக்கும் கைதானே வேணும்.” பிறகு குரலை இறக்கினார். “மகளுக்கு மாப்பிள்ளை பாக்கறாங்கப்பா. நான் போகணும். வேற என்ன கேட்டாலும் கேளு.”

அடுத்து உருளைக்காரர்.

“உன் வீட்டுக்காரி அழகா இருப்பாளா?” என்று கேட்டார்.

“எதுக்குண்ணே?”

“அழகா இருந்தா நீ திரும்பி வரமாட்டே. நான் போட மாட்டேன்.”

“சுமாராத்தான் இருப்பா.”

“அப்புறம் எதுக்குப் போறே?”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு உருளைக்காரர் வேறு பக்கம் திரும்பி, இல்லாத அழுக்கைத் துணியால் துடைத்தார். அதற்குப் பிறகு அவன் வருவதைக் கண்டால் ஆட்கள் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்கள். எதிர் முனையில் யாரும் இல்லாமலே ‘ம், ம், சொல்லு’ என்று தலையாட்டியவர்களையும் பார்த்தேன். கெட்டவர்கள் இல்லை அவர்கள். அவனுக்குச் சாப்பாடு கொடுத்தவர்கள், காய்ச்சலில் கிடந்தபோது அவன் வேலையைப் பங்கு போட்டுச் செய்தவர்கள். அவனுக்கு இப்போது வேண்டியது மட்டும் அவர்களால் கொடுக்க முடியாதது.

எனக்கும் ஆறு வருஷ சர்வீஸ் இருந்தது. என்னிடம் அவன் கேட்கவில்லை. கேட்டுவிடுவானோ என்று நான் தலை நிமிராமல் நூல் கோத்த நாட்கள் உண்டு. அந்த வருஷக் கடைசியோடு வேலையை விட்டு ஒரேயடியாக வீட்டுக்குப் போய்விடுவதாக இருந்தேன். காலையில் சாமி கும்பிடும்போது, ‘ஆண்டவனே, அவனுக்கு வேறு யாராவது கையெழுத்துப் போடட்டும்’ என்று வேண்டிக்கொண்டேன். ஆண்டவனிடம் போய் இப்படியா கேட்பது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

தேதிக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது என் போனுக்கு ஓர் அழைப்பு வந்தது. தெரியாத எண். எடுத்தால் சீட்டி இல்லை, பேச்சும் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது.

“விசிலா?” என்றேன்.

“அக்கா, அவன் பக்கத்துல இருக்கானா?”

“இல்லை. உள்ள மடிச்சிட்டிருக்கான். தனியா. எப்பப்பா வர்றே நீ?”

“வரலைக்கா.”

எனக்குக் கோபம் வந்தது. “என்ன நினைச்சிட்டிருக்கே? அவன் என்ன பாவம் பண்ணான்?”

“எம்பொண்டாட்டி பாஸ்போர்ட்டை ஒளிச்சு வச்சிட்டாக்கா.”

“தேட வேண்டியதுதானே?”

பிறகு சொன்னான்: “தேடலைக்கா.”

அவன் மகன் முதல் இரண்டு வாரம் அவன் மடிக்கே வரவில்லையாம். மூன்றாம் வாரம்தான் வந்து விரலைப் பிடித்தானாம். பள்ளிக்கூட வாசலில் விடும்போது, ‘சாயங்காலம் நீதானே வருவே?’ என்று கேட்டானாம். “ஆமாம்னு சொல்லிட்டேங்க்கா. தினமும் கேக்கறான். தினமும் ஆமாம்னு சொல்றேன்,” என்றான் விசில்.

நான் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். செய்தது சரியோ தப்போ, அவர்கள் இருவரும் பேசிக்கொள்ள வேண்டும் என்று மட்டும் தோன்றியது. மடிப்புத் தம்பி கையைத் துடைத்துவிட்டு வாங்கினான்.

“டேய்,” என்றான். உலர்த்தும் மெஷின்கள் இரைந்துகொண்டிருந்தன. அவன் போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அந்தக் கூடத்தில் அதுவரை யாரும் கேட்டிராத குரலில் கத்தினான்: “டேய், எட்டு வருஷமா உன் மூஞ்சியைத்தாண்டா பாத்துட்டிருந்தேன்! எம்பொண்டாட்டி மூஞ்சியைவிட உன் மூஞ்சியைத்தாண்டா அதிகமா பாத்திருக்கேன்!”

விசில் என்ன சொன்னானோ எனக்குக் கேட்கவில்லை. இவன் கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் குரல் தணிந்து, “எங்க ஒளிச்சு வச்சிருக்கான்னு தெரியுமா?” என்று கேட்டான். பதிலைக் கேட்டுவிட்டு, “சரி. பையனை நல்லாப் பாத்துக்க,” என்று சொல்லி போனை என்னிடம் கொடுத்தான்.

“என்னப்பா சொன்னான்?”

“தெரியுமாம்க்கா. தலைகாணி உறைக்குள்ள இருக்காம். தினமும் அது மேலதான் தலை வச்சுப் படுக்கறானாம்.”

கொக்கியிலிருந்து விரிப்பு நழுவிக் கீழே விழுந்திருந்தது. அதை எடுத்து மறுபடி துவைக்கிற வண்டியில் போட்டான். தரையில் பட்ட துணியை மேலே அனுப்பக் கூடாது.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து அவன் பின்வாசலில் அட்டையைக் காட்டிவிட்டு வெளியே வந்ததும் வழியை மறித்து நின்றேன். ஒரு துணிச்சலில் சொல்லிவிட வேண்டும், யோசித்தால் வாய் வராது.

“தம்பி, தாளை எடுத்துட்டு வா. நான் போடறேன்.”

அவன் என்னைப் பார்த்தான். “வேண்டாங்க்கா.”

“ஏன்? பொம்பளை கையெழுத்து செல்லாதா?”

“செல்லும்க்கா. அதனாலதான் வேண்டாங்கறேன்.” குப்பை வண்டி ஒன்று பின்னால் வந்தது. இருவரும் சுவரோடு ஒதுங்கி நின்றோம். வண்டி போன பிறகு சொன்னான்: “நான் திரும்பி வருவேனான்னு எனக்குத் தெரியலைக்கா. இவ்வளவு நாளும் எல்லார்கிட்டயும் வருவேன், வருவேன்னுதான் சொன்னேன். இன்னிக்கு அவன் பேசினதுக்கு அப்புறம் தெரிஞ்சு போச்சு. நான் அவளை வழியனுப்பப் போகலைக்கா. ‘நீயும் போக வேண்டாம், நானும் போகலை’ன்னு சொல்லத்தான் போறேன். அவ சரின்னுட்டா நான் ஏன் வரப்போறேன்? உங்களை இங்க மாட்டி வச்சிட்டு நான் அங்க எப்படிச் சோறு தின்பேன்?”

“அதைப் பத்தி நான் கவலைப்படறேன்.”

“நீங்க படுவீங்கக்கா. அதான் தெரியுதே. ரெண்டு வாரமா நீங்க என்னைத் தலை நிமிர்ந்து பாக்கலையே.”

நான் நடு வீதியில் முகத்தை மூடிக்கொண்டேன். அவன் பதறிப்போய், “ஐயோ, தப்பா சொல்லலைக்கா. நானா இருந்தாலும் அப்படித்தான்,” என்றான். என் பையை வாங்கிக்கொண்டு பெண்கள் விடுதி வாசல் வரைக்கும் கூட வந்தான். வழியெல்லாம் கடைகளில் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவன் வேண்டாம் என்றதும் என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. நான் போடாமல் தப்ப வேண்டும் என்று நிஜத்தில் கேட்டதை ஆண்டவன் கொடுத்துவிட்டான் என்று தெரிந்தது. சில வேண்டுதலை அவன் காதில் போட்டுக்கொள்ளாமலே இருந்திருக்கலாம்.

இனி போன் ஒன்றுதான் அவனுக்கு வழி. நேரில் கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டியதை ஸ்பீக்கரில் சொல்ல வேண்டியதாகிவிட்டது. ஒருநாள் மத்தியானம் எங்களையெல்லாம் விட்டுத் தள்ளி, படிக்கட்டின் கடைசிப் படியில் போய் உட்கார்ந்தான். இருந்தாலும் கேட்டது.

“போகாதேன்னு சொன்னா நின்னுடுவியா?”

“எதுக்குங்க நிக்கணும்?”

“நான் வந்துடறேன். வேலையை விட்டுட்டு வந்துடறேன்.”

“எப்ப?”

கீழே கையெழுத்துப் போட்டவன், போனவன் திரும்பாமல் வேலையை விடவும் முடியாது.

“இங்க பாருங்க,” என்றாள் அவள். “நீங்க போனப்ப நான் போகாதீங்கன்னு சொன்னேனா? ஒவ்வொரு தடவையும் பையில துணி அடுக்கிக் குடுத்தேன். காலையில எழுந்தா ஒரு தம்ளர், மத்தியானம் ஒரு தட்டு, ராத்திரி ஒரு பாய். எதிர் வீட்டுக்காரி விசேஷம் இல்லையான்னு கேக்கறா, நான் என்ன, போன்லயா பெத்துக்க முடியும்? எனக்கும் நாலு பேரோட சேர்ந்து வேலை செய்யணும்னு இருக்காதா?”

“கோவமா?”

“கோவமெல்லாம் போயி வருஷமாச்சு. உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்லைங்க. நான் போறேன்.”

“சரி,” என்றான்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த உருளைக்காரர் மெதுவாக எழுந்து போய், தண்ணீர் பாட்டிலை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார்.

ஐந்தாம் தேதி வந்தது. காலையிலிருந்து அவன் ஒழுங்காகத்தான் மடித்தான். மத்தியானம் அவள் விமான நிலையத்திலிருந்து கூப்பிட்டாள். கூட்டச் சத்தம், மணி அடிக்கிற சத்தம், அறிவிப்பு எல்லாம் படிக்கட்டில் கேட்டது. மடிப்புத் தம்பிக்கு அன்றைக்கு மட்டும் பேச்சு வந்தது. ஆறு வருஷத்தில் அவன் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

“பாஸ்போர்ட்டை அவங்க வாங்கி வச்சுக்குவாங்க. அதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. ரூம்ல மேல் கட்டில் குடுத்தாங்கன்னா வேண்டாம்னு சொல்லு, லைட்டு கண்ணுல அடிக்கும். மருந்துத் தண்ணியில கையை வைக்காதே, உறை போட்டுக்க, இல்லைன்னா தோலு உரிஞ்சிடும். மொத வாரம் அழுகை வரும். வந்தா பாத்ரூம்ல தண்ணியைத் திறந்து விட்டுட்டு அழு.”

“நீங்க அப்படித்தான் அழுதீங்களா?”

“அதெல்லாம் எதுக்கு இப்ப? இன்னொண்ணு, இதை நல்லாக் கேட்டுக்க. லீவு நேரத்துல யாராவது கையெழுத்துக் கேட்டு வந்தா போட்டுடாதே. யார் அழுதாலும் போடாதே.”

“சரிங்க.”

அறிவிப்பு ஒன்று ஓடி முடிந்தது.

“இல்லை, போடு,” என்றான். “நீ போடலைன்னா உனக்கு யாரு போடுவா? ஆளைப் பாத்துப் போடு.”

“நீங்களும் ஆளைப் பாத்துத்தானே போட்டீங்க?”

அவன் சிரித்துவிட்டான். இரண்டு மாதத்தில் நான் கேட்ட முதல் நிஜமான சிரிப்பு. அந்தப் பக்கம் அவளும் சிரித்தாள். அப்படிச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே, “வரிசை நகருதுங்க,” என்றாள். போன் நின்றது. அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனான்.

ஒரு வருஷமும் சில மாதமும் கழித்து, விசிலின் பெயரைக் கம்பெனி கணக்கிலிருந்து அடித்துவிட்டார்கள். கிளார்க் கூப்பிட்டு, “உன் முடிச்சு அவுந்துடுச்சு. லீவு எழுதிக் குடு,” என்றார். நான் வருஷக் கடைசியில் போவதாக இருந்தவள், போகவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதனால் இதையும் பார்க்கும்படி ஆயிற்று.

“சார், இந்த லீவை எடுத்து வைக்க முடியுமா? அவளுக்கு இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கு. அப்ப சேத்து எடுத்துக்கறேன்,” என்று கேட்டான் மடிப்புத் தம்பி.

“லீவை டப்பாவுல போட்டு மூடி வைக்க முடியுமாப்பா? எடுக்கலைன்னா போச்சு.”

“போகட்டும் சார்.”

வெளியே வந்ததும் எனக்குத் தாங்கவில்லை. “ஏம்ப்பா, நாப்பது நாளு சும்மா போகுதே. போய் வீட்டையாவது திறந்து, காத்தாட நாலு நாள் இருந்துட்டு வரலாமே?” என்றேன்.

“எப்படித் திறக்கறதுக்கா?” என்றான். “சாவி அவகிட்ட இருக்கு.”